எந்த மாதத்தை அழுத்தினாலும் டிசம்பர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்குத் திரை எழுதிக் கொடுத்தேன். மொழி பைத்தான், திரைக்கு அதன் டிகின்டர் நூலகம். திரையில் வரிசையாகப் பன்னிரண்டு பொத்தான்கள், மாதத்துக்கு ஒன்று. எதை அழுத்துகிறோமோ அந்த மாதத்து வரவு செலவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டையும் தனித்தனியாக எழுதச் சோம்பல்பட்டு ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டு, அதற்குள் பொத்தானுக்கு ஒரு லேம்டா (கூப்பிடும்போது ஓடும், பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வைத்து, அழுத்தினால் இந்த மாதத்தைத் திற என்று எழுதிவிட்டேன். நாலே வரி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஜனவரியை அழுத்தினால் டிசம்பர் திறக்கிறது. மார்ச்சை அழுத்தினாலும் டிசம்பர். டிசம்பரை அழுத்தினால் மட்டும் சரியாக டிசம்பர்.

அன்று மாலை முழுக்கப் பொத்தான்களைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். குற்றம் அங்கே இல்லை. பைத்தானில் ஒரு லேம்டா தனக்கு வெளியே இருக்கும் வேரியபிளை (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) பயன்படுத்தினால், அந்த நிமிடத்து மதிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதில்லை. வேரியபிளையே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃபார் லூப்போ ஒரே வேரியபிளைப் பன்னிரண்டு முறை அழித்து அழித்து எழுதுகிறது. பன்னிரண்டு பையன்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவன் வரும்போதும் சிலேட்டில் ஒரு மாதத்தை எழுதிக் காட்டி, 'மணி அடிக்கும்போது சிலேட்டில் இருக்கும் மாதத்துக் கணக்கைக் கொண்டு வா' என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. மணி அடிக்கும்போது சிலேட்டில் இருப்பது டிசம்பர்தான். பையன்கள் மேல் தப்பில்லை, சிலேட்டு மேலும் தப்பில்லை.

இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு நீட்டக் காரணம், இரண்டு நிரலாக்கப் பாணிகள் உரசிக்கொள்வதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது. லேம்டா வந்த வீடு வேறு: 1930களில் அலோன்சோ சர்ச் எழுதிய லேம்டா கணிதம், அங்கே ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான், அது மாறாது. மாறாத ஒன்றைப் பிடித்து வைத்தாலும் நகல் எடுத்து வைத்தாலும் ஒன்றே, வித்தியாசமே தெரியாது. லூப் வந்த வீடு வேறு: 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் இருந்தே அதன் வேலை நினைவகத்தில் ஓர் இடத்தை எடுத்து அதில் இருப்பதைத் திரும்பத் திரும்ப மாற்றுவது. அவரவர் வீட்டில் இருவரும் நல்லவர்கள். இரண்டையும் ஒரே வரியில் குடிவைத்தேன், டிசம்பர் வந்தது.

இப்படிப்பட்ட பாணியைக் குறிக்கும் பாரடைம் என்கிற சொல்லை நிரலாக்கத்துக்குள் பிரபலமாக்கியவர் ராபர்ட் ஃபிளாய்ட், 1978இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையில். அறிவியல் வரலாற்றுக்காக தாமஸ் கூன் 1962இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது, ஃபிளாய்ட் இரவல் வாங்கினார். ஆனால் கூன் சொன்னதில் ஒரு பாரடைம் வந்தால் பழையது போய்விடும்; ஃபிளாய்ட் சொன்னது நேர் எதிர், ஒரு நிரலாளர் வளர வேண்டுமானால் தன் கையிருப்பில் பாணிகளைச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும் என்பதுதான் சாரம். எது பெரியது, ஆப்ஜெக்டா (தரவையும் அதன் மேல் செய்யும் வேலைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது) ஃபங்ஷனா (உள்ளீட்டை வாங்கி விடையைத் தருவது) என்று சண்டை போடுகிறவர்கள் கூனின் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையில் இனி பாணி என்றே எழுதுகிறேன்.

சரி, கலப்பது என்பது நாம் உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவு என்று நினைப்பதே பாதி தவறு. பெரும்பாலும் மொழியை உருவாக்கியபோதே கலந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டைப் பாருங்கள். பிரௌசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்று ஆசை காட்டித்தான் பிரெண்டன் ஐக்கை 1995இல் நெட்ஸ்கேப் வேலைக்கு எடுத்தது. சேர்ந்த பிறகு, பார்க்க ஜாவா மாதிரி இருக்கவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் பத்தே நாளில் முதல் வடிவம் தயார்: ஃபங்ஷன்களை மதிப்பாகக் கையாள்வது ஸ்கீமிலிருந்து, ஆப்ஜெக்டிலிருந்து ஆப்ஜெக்ட் பிறக்கும் முறை செல்ஃப் மொழியிலிருந்து, மேல்சட்டை ஜாவாவுடையது. இன்று உலகம் முழுக்க அதில்தான் வண்டி ஓடுகிறது.

சி பிளஸ் பிளஸ் கதை இதைவிட யோசித்துச் செய்தது. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிக்காக ஒரு சிமுலேஷனைச் சிமுலா மொழியில் எழுதினார். எழுதச் சுகமாக இருந்தது, ஓட்டினால் ஆமை. அதையே பிசிபிஎல் என்ற மொழியில் திருப்பி எழுதினார். வேகம் கிடைத்தது, எழுதுகிற பாடு சொல்லி மாளாது. 1979இல் பெல் லேப்ஸில் அவர் தொடங்கியது இந்த இரண்டு அனுபவங்களையும் ஒன்றாகத் தைக்கும் வேலைதான்: சி மொழியின் வேகம், சிமுலாவின் கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு). அப்புறம் 1990களில் அலெக்சாண்டர் ஸ்டெபனோவின் எஸ்டிஎல் நூலகம் உள்ளே வந்தபோது மூன்றாவது பாணி ஒன்றும் சேர்ந்தது. அதில் வரிசைப்படுத்தும் சார்ட், வெக்டர் என்கிற பட்டியலுக்குள் இருக்கும் மெத்தட் (ஆப்ஜெக்டுக்குச் சொந்தமான ஃபங்ஷன்) கிடையாது. வெளியே தனியாக நிற்கிற ஃபங்ஷன், வெக்டர் மாதிரி நினைத்த இடத்துக்கு நேரே தாவ முடிகிற எந்தத் தொகுப்பின் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தாலும் வேலை செய்யும். எல்லாவற்றையும் ஆப்ஜெக்டுக்குள் திணிப்பதில் ஸ்டெபனோவுக்கு நம்பிக்கையே இல்லை என்பது தெரிந்த விஷயம். ஆப்ஜெக்டுக்குப் பெயர்போன மொழியின் நடு வீட்டில் ஆப்ஜெக்டை நம்பாதவர் கட்டிய அறை.

நம் ஊர் அலுவலகங்களில் எக்செல் ஃபைலோடு மல்லுக்கட்டும் கணக்காளர்கள்கூட இந்தக் கதையில் உண்டு. ஒரு செல்லில் ஃபார்முலா போடுவது கிட்டத்தட்டத் தூய ஃபங்ஷனல் நிரலாக்கம். எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம். அதே ஃபைலில் மேக்ரோ எழுதினால் அது வரிக்கு வரி கட்டளையிடும் பாணி. மேக்ரோ ஓடி செல்லை மாற்ற, ஃபார்முலா மறுபடி கணக்கிட, அதைப் பார்த்து இன்னொரு மேக்ரோ கிளம்ப... மாதக் கடைசியில் அந்த ஃபைலைத் திறக்கவே பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் என் டிசம்பருக்கு வருகிறேன். ஒரே தையலை வெவ்வேறு மொழிகள் எப்படிப் போட்டிருக்கின்றன என்று பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். ஜாவா ரொம்பக் கறார். 2014இல் ஜாவா 8 வழியாக லேம்டா வந்தபோது, பிடித்து வைக்கும் உள்வேரியபிள் ஒருமுறைக்கு மேல் மாறுவதாக இருந்தால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே ஒத்துக்கொள்ளாது என்று வைத்துவிட்டார்கள். அதாவது ஃபங்ஷனல் வீட்டுச் சட்டத்தை வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். சி பிளஸ் பிளஸ் 2011இல் லேம்டாவைச் சேர்த்தபோது, நகலா நேரடிப் பிடியா என்பதை நீயே சதுர அடைப்புக்குள் எழுது என்று பொறுப்பை நம் தலையில் வைத்தது. சி ஷார்ப் முதலில் பைத்தான் மாதிரி இருந்து, பலர் அடிபட்ட பிறகு 2012இல் ஃபோர்ஈச் லூப்புக்கு மட்டும் நடத்தையை மாற்றியது. சாதாரண ஃபார் பழையபடிதான். ஜாவாஸ்கிரிப்ட், வேரியபிளை அறிவிக்கும் வார் என்ற பழைய சொல்லைத் தொடாமல் 2015இல் லெட் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது, அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள்.

கோ மொழி ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று, இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் கோ நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. அங்கே லேம்டா இல்லை, ஆனால் நோய் அதே நோய்: லூப்பின் வேரியபிளுக்கு மதிப்பை எடுக்காமல் முகவரியை எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு சான்றிதழில் பத்து டொமைன் பெயர்கள் இருந்து பத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தால், பத்தையும் பார்க்காமல் ஒன்றையே பத்து முறை பார்த்தது. என் டிசம்பரேதான், உலக அளவில். பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் சுமார் 30 லட்சம். குறித்த கெடுவுக்குள் பாதிக்குச் சற்று மேல் ரத்து செய்துவிட்டு, மிச்சத்தையும் உடனே ரத்து செய்தால் இணையத்தில் ஏகப்பட்ட தளங்கள் தடுமாறும் என்பதால் விட்டுவைத்தார்கள்; எப்படியும் அந்தச் சான்றிதழ்களின் ஆயுளே 90 நாள்தான். கடைசியில் 2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22இல் ஃபார் லூப்பின் அர்த்தத்தையே மாற்றினார்கள், அதுவும் பழைய நிரல்கள் உடையாதபடி, நிரலின் கோ பதிப்பைச் சொல்லும் மாட்யூல் ஃபைலில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால் மட்டும். ஒரு மொழி தன் லூப்பின் அர்த்தத்தை மாற்றுவது என்பது ஓடுகிற பஸ்ஸில் சக்கரம் மாற்றுகிற வேலை. பைத்தான் இன்றுவரை மாற்றவில்லை.

தையல் இங்கே மட்டும் இல்லை. தினமும் அடிபடுகிற இடம் டேட்டாபேஸ். எட்கர் காட் 1970இல் தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைக்க, 1974இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் முதல் வடிவத்தை எழுதினார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று சொல்வேன், எப்படி எடுப்பது என்பது உன் பாடு, இதுதான் அதன் பாணி. அதன் மேல் பைத்தானின் ஜாங்கோ நூலகம் மாதிரி ஒரு ஆப்ஜெக்ட் முகமூடியைப் போட்டுவிட்டால், டேபிள் எல்லாம் கிளாஸ் ஆகிவிடும், ஆர்டர் என்ற ஆப்ஜெக்டுக்குப் புள்ளி வைத்தால் வாடிக்கையாளர், இன்னொரு புள்ளி வைத்தால் அவர் பெயர். படிக்க எவ்வளவு அழகு! நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி 200 ஆர்டர்களை ஒரு பக்கத்தில் பட்டியலிட்டோம். பட்டியலுக்கு ஒரு கேள்வி போகிறது, சரி. அப்புறம் லூப்பில் ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளருக்கும் சத்தமில்லாமல் ஒரு கேள்வி, மொத்தம் 201. என் லேப்டாப்பில் டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. சர்வரில் ஏற்றியதும் ஒரு கேள்விக்கு 5 மில்லி செகண்ட் என்று வைத்தாலும் போய்வரவே ஒரு செகண்ட் தாண்டிவிடுகிறது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லாம் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும். ஆனால் அந்தச் சொல்லைச் சேர்க்கத் தோன்ற வேண்டுமானால் புள்ளிக்குப் பின்னால் எஸ்க்யூஎல் இருப்பது நினைவில் இருக்க வேண்டும், முகமூடி போட்டதே அதை மறக்கத்தானே!

சோம்பலான கணக்கீடும் (யாராவது கேட்கும்வரை கணக்கிடாமல் இருப்பது) ஒரு தையல்தான். பைத்தானில் ஒரு ஃபைலைத் திறந்து, வரிகளை ஜெனரேட்டராகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதுகிறோம். ஜெனரேட்டர் கேட்டால்தான் படிக்கும், ஆனால் வேலை முடிந்ததும் ஃபைலைத் தானே மூடும் வித் பிளாக்கிலிருந்து வெளியே வந்ததுமே ஃபைல் மூடப்பட்டிருக்கும். படிக்கப் போனால் மூடிய ஃபைல் என்று திட்டு விழும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு பாணி, முடிந்ததும் உடனே மூடு என்பது இன்னொரு பாணி. 

இதெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒரே பாணியில் இருந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஏன் முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான காரணம், 1998இல் ஃபிலிப் வாட்லர் எக்ஸ்பிரஷன் பிராப்ளம் என்று பெயர் வைத்த சிக்கல். ஒரு கடையின் பில்லிங் நிரலை எடுத்துக்கொள்வோம். பணம் வரும் வழிகள்: ரொக்கம், கார்டு, யுபிஐ. அவற்றின் மேல் செய்யும் வேலைகள்: ரசீது அடிப்பது, பணத்தைத் திருப்பித் தருவது, கணக்கில் ஏற்றுவது. இதை ஒரு கட்டம் போட்ட தாளாக நினையுங்கள், வழிகள் வரிசையாக, வேலைகள் பத்தியாக. ஒன்பது கட்டத்தையும் எப்படியும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆப்ஜெக்ட் பாணி தாளை வரிசை வரிசையாகக் கிழிக்கிறது, ஃபங்ஷனல் பாணி பத்தி பத்தியாகக் கிழிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாளைக்குப் பரிசுக் கூப்பன் என்று புது வழி வந்தால், ஆப்ஜெக்ட் பாணிக்காரர் ஒரு கிளாஸ் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். மற்றவர் ஒவ்வொரு ஃபங்ஷனையும் திறந்து ஒரு கிளை சேர்க்கவேண்டும். அதற்குப் பதில் ஆடிட்டர் வந்து எல்லாவற்றுக்கும் வரிக் கணக்கு வேண்டும் என்றால் நிலைமை தலைகீழ்: ஃபங்ஷன்காரருக்கு ஒரே ஒரு புது ஃபங்ஷன், கிளாஸ்காரர் எல்லாக் கிளாஸையும் திறக்கவேண்டும். ஆக, எந்தப் பக்கம் வளரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாணியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரு நிஜமான நிரலில் ஒரு மூலை இப்படி வளரும், இன்னொரு மூலை அப்படி வளரும். ஜாவாவே இதை ஒப்புக்கொண்டுவிட்டது: 2021இல் ஜாவா 17இல் சீல்டு கிளாஸ், 2023இல் ஜாவா 21இல் ஸ்விட்ச்சுக்குள் (வகைக்கு ஒரு கிளை பிரிக்கும் கட்டளை) பேட்டர்ன் மேட்சிங் நிலையாக வந்தன. வழிகள் இந்த மூன்றுதான் என்று மூடி எழுதிவிட்டால், நாலாவதைச் சேர்த்த அன்று அதைக் கவனிக்காத ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் கம்பைலர் காட்டிக் கொடுக்கும், மிச்ச எல்லாவற்றுக்கும் பொதுவான டீஃபால்ட் கிளை போட்டு அதன் வாயை அடைக்காதவரை. எம்எல் என்ற ஃபங்ஷனல் மொழியின் குடும்பத்து மொழிகளில் பல பத்தாண்டுகளாக இருக்கும் வசதி.

என் கையில் இப்போது நிலைத்துவிட்ட பழக்கம் ஒன்று: கணக்கு எல்லாம் ஃபங்ஷனில், உலகத்தோடு பேசுவது எல்லாம் வெளியே கட்டளைப் பாணியில், ஆப்ஜெக்ட் அங்கங்கே தேவைப்பட்ட இடத்தில். சொல்ல எளிது. தாமதக் கட்டணம் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனை நான் எழுதியிருந்தேன், உள்ளே இன்றைய தேதியை அதுவே கேட்டு எடுத்துக்கொள்ளும். சோதனை நிரல் மாதம் முழுக்கப் பச்சை, 31ஆம் தேதி மட்டும் சிவப்பு. மறுநாள் தானாகப் பச்சை. தானாகச் சரியாகிற பிழையை யாரும் திருத்துவதில்லை என்பதால் சில மாதங்கள் அப்படியே ஓடியது. பிறகு தேதியை அந்த ஃபங்ஷனுக்கு வெளியே எடுத்து, ஓர் உள்ளீடாகக் கொடுத்தோம். அவ்வளவுதான் மாற்றம். அதன்பின் 31ஆம் தேதியை எந்த நாளிலும் சோதிக்கலாம், பிப்ரவரி 29ஐக்கூட. ஒரு ஃபங்ஷன் வெளியுலகத்தைத் தொடாமல் இருக்கவேண்டும் என்று ஃபங்ஷனல் பாணிக்காரர்கள் ஏன் அத்தனை அடம் பிடிக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது, அதற்கு ஹாஸ்கெல் என்ற தூய ஃபங்ஷனல் மொழியைப் படிக்கத் தேவைப்படவில்லை.

கலப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் மொழியால் அல்ல, ஆட்களால். மார்ட்டின் ஒடர்ஸ்கி 2004இல் வெளியிட்ட ஸ்காலா, ஆப்ஜெக்டையும் ஃபங்ஷனையும் சேர்த்தே வடிவமைத்த மொழி. அதில் ஒருவர் எழுதினால் சற்றுச் சுருக்கமான ஜாவா மாதிரி இருக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் எழுதினால் ஹாஸ்கெல் மாதிரி இருக்கும். இரண்டும் ஸ்காலாதான், ஆனால் ஒருவர் நிரலை மற்றவர் பார்த்துச் சரி சொல்ல உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். மறுபக்கம், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் லேம்டா, பட்டியல் மேல் ஃபங்ஷனை ஓட்டும் மேப், ஃபில்டர், ரெட்யூஸ் நான்கையும் பைத்தான் 3இலிருந்து தூக்கிவிடலாம் என்று 2005இல் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் ரெட்யூஸ் மட்டும் ஒரு தனி மாட்யூலுக்குள் தள்ளப்பட்டது. லேம்டா தப்பித்துக்கொண்டது, டிசம்பர் பிழையோடு சேர்த்து.

அந்தப் பிழைக்குப் பைத்தானில் எல்லோரும் போடும் ஒட்டு, லேம்டாவுக்கு மாதம் என்று ஓர் உள்ளீட்டை வைத்து அதன் இயல்பு மதிப்பும் மாதம் என்று எழுதுவது. இயல்பு மதிப்பு லேம்டா உருவாகும் நொடியிலேயே கணக்கிடப்படுவதால் நகல் கிடைத்துவிடும். அன்று நானும் அதைத்தான் போட்டேன், மாதம் சமம் மாதம். பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், விளக்கமாக ஒரு கமென்ட்டும் நான் எழுதி வைக்கவில்லை. நான் வேறு இடத்துக்கு மாறிப்போய் ஒரு வருடம் கழித்து, அந்தத் திரையை இப்போது பார்த்துக்கொள்ளும் தம்பி ஃபோன் செய்தான். 'அண்ணா, தேவையில்லாத வரியெல்லாம் சுத்தம் பண்ணிட்டு இருந்தேன், மாதம் சமம் மாதம்னு ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப எதை அழுத்தினாலும் டிசம்பர் வருது.'